கல்லூரிக் களத்திலிருந்து அயல்நாட்டு ஒப்பந்தம் வரை: ஒரு கூடைப்பந்துத் தொழிலின் கதை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆண்கள் அணிகள் மட்டுமே 350-க்கு மேல் இருக்கின்றன. ஓர் அணிக்கு 13 உதவித்தொகை இடங்கள் என்பது நெடுங்காலம் நடைமுறையில் இருந்த கணக்கு. அதாவது எந்தப் பருவத்தை எடுத்துக்கொண்டாலும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அங்கே முழுநேரப் பயிற்சியில் இருக்கிறார்கள். அவர்கள் கனவு காணும் என்பிஏவில் 30 அணிகள்தான். அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள் என்றால் மொத்தம் 450 இடங்கள். அந்த இடங்களிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே நிரம்பியவை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் டிராஃப்டில் இரண்டே சுற்றுகளில் சுமார் 60 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் ஒரு பங்கு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளின் வீரர்களுக்குப் போய்விடுகிறது. ஆகவே கல்லூரிப் படிப்பை முடிக்கும் நல்ல வீரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு என்பிஏவின் கதவு திறப்பதில்லை. அவர்களில் ஆட்டத்தை விட மனமில்லாத பலர் இத்தாலி, துருக்கி, இஸ்ரேல், ஜெர்மனி, சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று கிளம்புகிறார்கள். அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் இந்தப் பயணத்துக்குக் கிடைக்கும் விளக்கம் ஒரே வரிதான்: அங்கே இடம் கிடைக்கவில்லை, அதனால் வெளியே போய்விட்டார். இந்த விளக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். அயல்நாட்டுக் கூடைப்பந்து என்பிஏ கனவின் மிச்சம் அன்று. அதற்கெனத் தனித் திறன்களும் தனிச் சட்டங்களும் தனி ஆபத்துகளும் கொண்ட ஒரு புலம்பெயர் தொழில் அது. அப்படிப் பார்த்தால்தான் அதில் சிலர் ஏன் பதினைந்து ஆண்டுகள் நிலைத்தார்கள், பலர் ஏன் ஒரே பருவத்தில் காணாமல் போனார்கள் என்பது புரியும்.

இந்தத் தொழில் தொடங்கியபோதே அது தோற்றவர்களின் புகலிடமாக இருக்கவில்லை. 1965-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த பில் பிராட்லி அன்று கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பெயர். அவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். அங்கிருந்து மிலான் நகரின் ஒலிம்பியா அணிக்காக ஆடி, 1966-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். அதன்பிறகே நியூயார்க் நிக்ஸ் அணியில் சேர்ந்து 1970, 1973 ஆகிய ஆண்டுகளில் என்பிஏ பட்டம் வென்றார். பின்னாளில் நியூஜெர்சியின் செனட்டராக 18 ஆண்டுகள் இருந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டால் பிராடியை அதே 1965-இல் பால்டிமோர் புல்லட்ஸ் அணி டிராஃப்டில் எடுத்தது. அவர் அங்கே போகாமல் டெல் அவிவ் நகரின் மக்காபி அணியில் சேர்ந்தார். 1977-இல் அந்த அணி மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணியை 91-79 என்று வென்றது. இஸ்ரேலோடு தூதரக உறவு இல்லாத சோவியத் ஒன்றியம் இரு நாட்டிலும் ஆட மறுத்ததால், அந்த ஆட்டம் பெல்ஜியத்தின் விர்டன் என்னும் சிற்றூரில் நடந்தது. அதே ஆண்டு பெல்கிரேடில் வரேசே அணியை ஒரே புள்ளியில் வென்று மக்காபி ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. மார்ஷல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மைக் டான்டோனி 1977 முதல் 1990 வரை மிலானிலேயே ஆடி, 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பிறகு என்பிஏவில் இருமுறை ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வானார். இந்த மூவரில் ஒருவர் அயல்நாட்டைத் தம் வாழ்வின் ஒரு கட்டமாக்கினார். ஒருவர் அதையே தாயகமாக்கினார். ஒருவர் அங்கே கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்திலிருந்தே மூன்று வழிகளும் இருந்திருக்கின்றன.

கல்லூரி நட்சத்திரம் ஒருவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைப்பதைத் தீர்மானிப்பது அவருடைய ஆட்டம் மட்டும் இல்லை. ஒவ்வொரு லீக்கும் ஓர் அணி எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு வகுக்கிறது. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் பன்னிரண்டு பேரில் ஆறு இடம் ஜெர்மானியர்களுக்கு என்ற விதி உண்டு. பிலிப்பைன்ஸ் லீக்கில் பொதுவாக அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர்தான். அவரை அங்கே 'இம்போர்ட்' என்றே அழைக்கிறார்கள், அவர் உயரத்துக்குக்கூடத் தொடருக்குத் தொடர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த வரம்புகளை 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பால் புரட்டிப்போட்டது. பெல்ஜியக் கால்பந்து வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கு அது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் ஆடும்போது அவரை வெளிநாட்டவர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்பானது. அதன் விளைவு அமெரிக்க வீரர்களையும் தொட்டது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு கிடைத்த அமெரிக்கர் ஒருவர் வரம்புக்குள் வரமாட்டார், எனவே அதே திறனுடைய இன்னொரு அமெரிக்கரைவிட அவருக்கு மதிப்புக் கூடும். பாட்டனின் பிறப்புச் சான்றிதழைத் தேடுவதும் குடியுரிமைக்கு மனுப் போடுவதும் எறிதல் பயிற்சிக்கு நிகரான தொழில் முயற்சிகளாயின.

கடவுச்சீட்டு ஒரு வசதிக்கான காகிதம் மட்டுமே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பக்னெல் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜே. ஆர். ஹோல்டனை 1998-இல் என்பிஏவில் எவரும் எடுக்கவில்லை. லாட்வியா, பெல்ஜியம், கிரீஸ் வழியாக மாஸ்கோ போய்ச் சேர்ந்த அவர் ரஷ்யக் குடியுரிமை பெற்றார். 2007-இல் மாட்ரிட் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், கடைசி நொடிகளில் அவர் எறிந்த பந்து வளையத்தில் மோதி உள்ளே விழ, ஸ்பெயினை அதன் சொந்த மண்ணிலேயே ரஷ்யா 60-59 என்று வென்றது. செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் பிரவுன்லி 2016-இல் காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக மணிலாவின் ஹினெப்ரா அணிக்கு வந்தவர். அந்தப் பருவத்தின் இறுதித் தொடரில் மணி ஒலிக்கும் தருணத்தில் மூன்று புள்ளி எறிந்து, எட்டு ஆண்டுகளாகப் பட்டத்துக்குக் காத்திருந்த அணிக்கு வெற்றி தேடித் தந்தார். 2023-இல் பிலிப்பைன்ஸ் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்நாடு 1962-க்குப் பிறகு முதன்முறையாகக் கூடைப்பந்தில் தங்கம் வென்றபோது அணியின் தூணாக நின்றார். மாற்றாளாக வந்தவர் தேசிய அணியின் முகமாவது என்பிஏவின் அளவுகோலால் அளக்கக்கூடிய சாதனை இல்லை. அது வேறு களத்தில், வேறு கணக்கில் கிடைத்த வெற்றி.

இந்தத் தொழிலின் இயல்பை அறிய ஒருவரை மட்டும் அருகிலிருந்து பார்க்கலாம் என்றால் கைல் ஹைன்ஸை எடுத்துக்கொள்ளலாம். வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ பல்கலைக்கழகம் கூடைப்பந்தின் பெரிய பெயர்களில் ஒன்றில்லை. அங்கே நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேல் புள்ளிகள், ஆயிரத்துக்கு மேல் ரீபவுண்டுகள், முந்நூறுக்கு மேல் பிளாக்குகள் என்று அவர் குவித்தார். இந்த மூன்றும் சேர்ந்த பட்டியலில் டிம் டங்கன், டேவிட் ராபின்சன் போன்ற மிகச் சிலரே இருக்கிறார்கள். ஆனால் ஹைன்ஸின் உயரம் ஆறடி ஆறு அங்குலம். வளையத்தடியில் நிற்கும் சென்டர் இடத்துக்கு அது ஏறக்குறைய அரையடி குறைவு. 2008 டிராஃப்டில் அவர் பெயரை யாரும் அழைக்கவில்லை. இத்தாலியின் இரண்டாம் பிரிவில் ஆடிய வெரோலி என்னும் சிற்றூர் அணியில் அவர் தொழில்வாழ்வு தொடங்கியது. இரண்டு பருவங்களுக்குப் பிறகு ஜெர்மனியின் பாம்பெர்க் அணி. அங்கே லீக் பட்டம். அடுத்து கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். 2012-இல் இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தில் 19 புள்ளிகள் பின்தங்கியிருந்த அந்த அணி மீண்டெழுந்து சிஎஸ்கேஏவை 62-61 என்று வென்று, ஐரோப்பாவின் உயரிய லீக்கான யூரோலீக்கின் பட்டம் சூடியது. மறு ஆண்டு லண்டனிலும் பட்டம். பிறகு அதே சிஎஸ்கேஏ அவரை அழைத்துக்கொண்டது. அங்கே 2016-இலும் 2019-இலும் பட்டங்கள். கடைசி நான்கு பருவங்கள் மிலானில். 2024-இல் ஓய்வு பெறும்போது நான்கு யூரோலீக் பட்டங்களும், அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்றும் அவர் கையில் இருந்தன.

என்பிஏ குறையாகக் கண்ட உயரம் அங்கே எப்படி நிறையாயிற்று? விடை ஆட்ட விதிகளிலேயே இருக்கிறது. என்பிஏவில் தடுப்பவர் எவரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிக் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதியில் அந்தத் தடை இல்லை. மூன்று புள்ளிக் கோடும் அங்கே 6.75 மீட்டரில் இருக்கிறது, என்பிஏவில் அதன் உச்சம் 7.24 மீட்டர். ஆட்டம் 48 நிமிடம் இல்லாமல் 40 நிமிடம். இடம் சுருங்கி, நேரம் சுருங்கி, ஒவ்வொரு பந்துக்கும் விலை கூடிய ஆட்டம் அது. அங்கே எதிரணி பிக் அண்ட் ரோல், அதாவது ஒருவர் திரைபோடப் பந்தோடு இருப்பவர் அதைத் தாண்டி வரும் உத்தி, தொடங்கியதும் சென்டர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது. ஹைன்ஸ் திரைபோட வந்த ஆளை விட்டுவிட்டு, பந்தோடு வரும் வேகமான கார்டை முன்னின்று மறிப்பார். அவர் கால்களுக்கு அந்த வேகம் இருந்தது. கார்ட் பந்தைக் கைமாற்றியதும் மீண்டும் உள்ளே ஓடி, தன்னைவிட அரையடி உயரமான ஆளின் இடுப்புக்கு அடியில் தோளைக் கொடுத்து நிலைகுலைய வைப்பார். கல்லூரியில் புள்ளி குவித்தவர் ஐரோப்பாவில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிக்காமலேயே இன்றியமையாதவர் ஆனார். தன் அணிக்கு எது குறைகிறதோ அதுவாகத் தன்னை மாற்றிக்கொண்டதுதான் அவருடைய தொழில் திறன். ஒன்றரைப் பத்தாண்டு நிலைத்ததன் காரணமும் அதுதான்.

இதற்கு எதிர்ச்சான்றாக அல்ஃபோன்சோ ஃபோர்டைச் சொல்லலாம். மிசிசிப்பி வேலி ஸ்டேட் கல்லூரியில் 3,165 புள்ளிகள் குவித்த அவர் ஐரோப்பாவிலும் புள்ளி குவிப்பவராகவே இருந்தார். 2001, 2002 ஆகிய இரு பருவங்களிலும் யூரோலீக்கில் அவரே முன்னணி. ஆகவே வேலையை மாற்றிக்கொள்பவர்தான் நிலைப்பார் என்பது தவறில்லையா என்று கேட்கலாம். உண்மையில் ஃபோர்ட் இந்த வாதத்தை வேறு பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறார். பெரிஸ்டேரி போன்ற நடுத்தர அணிகளுக்குத் தேவைப்பட்டது இரவுதோறும் இருபத்தைந்து புள்ளி தரக்கூடிய ஒருவர். அந்தத் தேவையை அவர் நிறைவேற்றினார். 1997-இலேயே இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகும் ஏழு ஆண்டுகள் ஆடினார் என்பதை நினைத்தால் அந்த உறுதி எத்தகையது என்பது விளங்கும். 2004 செப்டம்பரில், 32 வயதில் அவர் மறைந்தார். யூரோலீக்கில் அதிகப் புள்ளி குவிப்பவருக்கான கோப்பை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. என்பிஏவில் சில ஆட்டங்களே ஆடிய ஒருவர் பெயரில் ஐரோப்பாவின் உயரிய லீக் தன் கோப்பையை வழங்குகிறது என்றால், அந்த உலகம் தனக்கான நினைவையும் மதிப்பையும் தானே வைத்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் இதைத் தொழில் என்று ஏற்றால், தொழிலாளியின் நிலையையும் பார்த்தாக வேண்டும். வழக்கமான ஒப்பந்தத்தில் வரி போகக் கையில் கிடைக்கும் சம்பளம், குடியிருக்க வீடு, ஒரு கார், ஊருக்குப் போய்வர விமானச்சீட்டு எல்லாம் எழுதியிருக்கும். கேட்க நன்றாக இருக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களின் ஆயுள் ஒரே பருவம்தான். வெளிநாட்டு இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால், சில வாரம் ஆட்டம் தடுமாறினாலே அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஐரோப்பிய லீக்குகள் பலவற்றில் கடைசி இடத்துக்குப் போகும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். என்பிஏவில் இல்லாத இந்த வழக்கத்தால் அணியின் வரவுசெலவே ஆட்டம் காணும். முதலில் தள்ளிப்போவது வீரரின் சம்பளம். அணி பணம் தரவில்லை என்றால் மொழி தெரியாத ஊரின் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைவதுதான் முன்பு வழி. 2007-இல் உலகக் கூட்டமைப்பு ஜெனீவாவைத் தளமாகக் கொண்டு ஒரு நடுவர் மன்றத்தை நிறுவியது. எந்த நாட்டுச் சட்ட நுணுக்கத்திலும் சிக்காமல் நியாயம் எதுவோ அதன்படி தீர்ப்பளிப்பது அதன் அடிப்படை நெறி. தீர்ப்பை மதிக்காத அணி புதிய வெளிநாட்டு வீரரைப் பதிவுசெய்ய முடியாதபடி கூட்டமைப்பு தடைபோடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயரை எழுதியிருந்தால்தான் அங்கே போக முடியும். இருபத்திரண்டு வயதில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒருவருக்கு அந்த ஒரு வரியின் மதிப்பை யார் சொல்லித் தருகிறார்கள்? நான்கு ஆண்டுகள் அவர் உழைப்பில் அரங்கம் நிரப்பிய கல்லூரி சொல்லித் தரவேண்டும்.

பெண்கள் ஆட்டத்தில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கே வெளிநாடு போனவர்கள் இடம் கிடைக்காதவர்கள் இல்லை, உச்சத்தில் இருந்தவர்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டயானா டௌராசி, தம் ரஷ்ய அணியான எகடெரின்பர்க் யுஎம்எம்சி தந்த பணத்தால் 2015-ஆம் ஆண்டு அமெரிக்கப் பருவத்தையே விட்டு ஓய்வெடுத்தார். அதே பல்கலைக்கழகத்தின் பிரியானா ஸ்டுவர்ட் 2019-இல் இன்னொரு ரஷ்ய அணிக்காக ஐரோப்பிய இறுதிச் சுற்றில் ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்து, தாய்நாட்டுப் பருவம் முழுவதையும் இழந்தார். 2022-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவின் உச்சச் சம்பளமே சுமார் 2,28,000 டாலர்தான். உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள் கோடையில் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் ரஷ்யாவிலும் துருக்கியிலும் ஓய்வின்றி ஆடியதன் காரணம் அந்த எண்ணில் இருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் பேய்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிரிட்னி கிரைனர், தம் அணிக்குத் திரும்பும் வழியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். அவர் பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்தன என்பது குற்றச்சாட்டு. ஆகஸ்டில் ஒன்பது ஆண்டு சிறை. டிசம்பர் 8 அன்று ஆயுத வணிகர் விக்டர் பூட்டுக்கு மாற்றாகத்தான் விடுதலை. இரு நாட்டு அரசியலின் நடுவே ஒரு விளையாட்டு வீராங்கனையின் பத்து மாதங்கள் போயின. புலம்பெயர் தொழிலாளிக்கு நேரும் எல்லா ஆபத்துகளும் புகழ்பெற்றவருக்கும் நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தப் பார்வைக்கு எதிராகச் சில வாதங்கள் உண்டு. முதலாவது, ஹைன்ஸும் ஹோல்டனும் விதிவிலக்குகள், அவர்களைக் காட்டி ஒரு தொழிலின் தரத்தைச் சொல்லலாமா என்பது. நியாயமான கேள்விதான். இரண்டாம், மூன்றாம் பிரிவு அணிகளில் ஓரிரு பருவம் ஆடி, சேமிப்பு எதுவுமின்றி முப்பது வயதில் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் இருப்பது இதைத் தொழில் என்று கருதவேண்டிய தேவையைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. தோற்றவர்களின் பயணம் என்று பெயர் வைத்துவிட்டால் அவர்களுக்கு என்ன நேர்ந்தாலும் அது தோல்வியின் தொடர்ச்சியாகவே தெரியும், யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தொழில் என்றால் ஒப்பந்தம், காப்பீடு, முகவரின் கடமை, நிலுவைச் சம்பளம் எல்லாம் கேள்விக்கு வரும். சமாளித்து நின்றவர்களைப் பார்த்து எது நிலைக்க வைக்கிறது என்று கற்கலாம். நிற்க முடியாதவர்களைப் பார்த்து எது சரியில்லை என்று கற்கலாம். இரண்டும் தேவை.

இரண்டாவது வாதம் உள்ளூர்க்காரர்களுடையது: வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது. வரம்பில்லாமல் திறந்துவிட்டால் அந்த அச்சம் மெய்யாகக்கூடும். ஆனால் ஜெர்மனியைப் பாருங்கள். அதன் லீக்கில் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் நிறைந்திருக்கிறார்கள். கூடவே ஆறு உள்ளூர் இடங்களும் உறுதியாக இருக்கின்றன. அந்த லீக்கில் வளர்ந்த டென்னிஸ் ஷ்ரோடர் தலைமையில் ஜெர்மனி 2023-இல் மணிலாவில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் உலகக் கோப்பையை வென்றது. வெளிநாட்டவர் வந்ததால்தான் வென்றது என்று நிறுவ இது போதாது. வந்ததால் உள்ளூர்த் திறமை அழிந்துவிடும் என்ற கூற்றை மறுக்க இது போதும். நாள்தோறும் தன்னைவிட வலுவான ஒருவருக்கு எதிராகப் பயிற்சி எடுக்கும் இளைஞன் எதையோ இழக்கிறான் என்று சொல்ல, அவனுக்கு ஆட இடமே கிடைக்காமல் போயிருக்க வேண்டும். சரியான வரம்பு அந்த இடத்தைக் காக்கிறது.

மூன்றாவது வாதம் இன்றைய மாற்றத்திலிருந்து வருகிறது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தி விளம்பர வருவாய் ஈட்டலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு அந்த ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே பங்கு தரலாம். இப்போது ஐரோப்பிய அணிகளின் இளம் வீரர்களே அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டம் திசைமாறிய பிறகு பழைய பாதையைப் பற்றி ஏன் பேசவேண்டும்? கல்லூரிப் பணம் நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான் என்பதே இதற்கு விடை. இருபத்து மூன்று வயதில் தகுதிக்காலம் முடிந்தபின் என்பிஏவின் 450 இடங்கள் அப்படியேதான் இருக்கும். அதன் துணை லீக்கில் 2018-இல் ஒரு பருவத்துக்கு அடிப்படைச் சம்பளம் 35,000 டாலர், பிறகும் அது பெரிதாக உயரவில்லை. கல்லூரியில் நல்ல பணம் பார்த்த ஒருவர் அதைவிடக் குறைந்த ஊதியத்துக்கு வெரோலி போன்ற ஓர் ஊரில் தொடங்கவேண்டி வரும்போது அந்த இறக்கம் முன்பைவிடக் கடினமாகவே இருக்கும். ஆகவே அயல்நாட்டுத் தொழிலுக்கான ஆயத்தம் இப்போது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

கடைசியாக ஒரு சொல். பி. ஜே. டக்கர் 2007-இல் என்பிஏவில் கைவிடப்பட்டு, ஐந்து ஆண்டுகள் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஆடி, 2012-இல் திரும்பிவந்து, 2021-இல் மில்வாக்கி அணியோடு சாம்பியனானார். அவர் கதையை எல்லாரும் போற்றுகிறார்கள், போற்றவேண்டியதுதான். ஆனால் திரும்பிவந்ததால் மட்டுமே அவர் அயல்நாட்டு ஆண்டுகளுக்குப் பொருள் கிடைத்தது என்ற எண்ணம் அந்தப் புகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கிறது. ஹோலோன் நகரின் அணியோடு அவர் 2008-இல் வென்ற இஸ்ரேலிய லீக் பட்டம் அவர் திரும்பி வந்திருக்காவிட்டாலும் அதே பட்டம்தான். ஒரு வீரரின் வாழ்வை அளக்க வேண்டியது எத்தனை ஆண்டுகள் தம் ஆட்டத்தால் வாழ்ந்தார், அணிகள் அவரை ஏன் திரும்பத் திரும்ப அழைத்தன, உழைத்த பணம் கைக்கு வந்ததா, உடலும் உரிமையும் காக்கப்பட்டனவா என்ற கேள்விகளால். கல்லூரிகள் இந்தக் கேள்விகளைப் பாடமாக்கட்டும்: விதி வேறுபாடுகளையும் ஒப்பந்த வரிகளையும் வரிச் சட்டத்தையும் இன்னொரு மொழியின் அடிப்படையையும் இறுதியாண்டிலேயே கற்றுத் தரட்டும். லீக்குகள் சம்பள உறுதியை உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாக்கட்டும். விளையாட்டு எழுத்தாளர்கள் மிலானையும் மணிலாவையும் என்பிஏவிலிருந்து உள்ள தூரத்தால் அளப்பதை விடட்டும். நாலாயிரம் பேரை வளர்த்துவிட்டு அறுபது பேரை மட்டும் வென்றவர்கள் என்று சொல்லும் கணக்கு, மீதிப் பேரின் உழைப்பைப் பார்க்க மறுக்கும் கணக்கு. அதைத் திருத்துவது அவர்களுக்குச் செய்யும் சலுகை ஆகாது, செய்யவேண்டிய நியாயம்.